மானேஜரின் இங்கிலீஷ்

எங்கள் மாடி வீட்டு மருமகளை இந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் படியேறி வந்தால் பிள்ளைகள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடும். ஆனால் அவளிடம் குத்திக்கொண்டவர்கள் வேறு யாரிடமும் போக மாட்டார்கள். எனக்கும் ஒருமுறை எடுத்தாள். எப்போது குத்தப்போகிறாளோ என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்க, "முடிஞ்சதுக்கா, கையை மடக்கிக்குங்க" என்று பஞ்சை வைத்துவிட்டாள்.

அவளுடைய மாமனாரை மானேஜர் என்போம். சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, எதிரே உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டே இருப்பார்களாம். வீட்டுக்கு வந்தால் முழுக்கத் தமிழ்தான். அதுவும் வாய் நிறைய நக்கல். நான் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறவள். படிக்கட்டில் பார்த்தால், "என்னம்மா, நீ மெஷினை ஓட்டறியா, மெஷின் உன்னை ஓட்டுதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவார். மனைவி போய்ப் பல வருடமாகிறது. வீட்டில் அவரும், மகனும், மருமகளும்தான். மகள் நகரத்தின் மறுகோடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

ஒருநாள் காலை நடக்கக் கிளம்பியவர் செருப்பை மாட்டக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நாக்கும் கேட்கவில்லை என்று நினைத்திருந்தார்கள். அன்று மதியம் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் வாய் திறந்து, கணீரென்று, "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்" என்றார். அப்பா பேசிவிட்டார் என்று மகன் நடைக்கு ஓடிவந்து எல்லோரிடமும் சொன்னான். அக்காவுக்குப் போன் செய்து அழுதான். சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது: அதுபோல ஆபீஸில் பழகின இங்கிலீஷ் தொடர்கள் மட்டும்தான் வருகின்றன. தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை. மகன் பெயரைச் சொல்ல வாயைக் கோணிக்கோணிப் பார்த்தார். வந்தது, கடிதத்தின் கடைசியில் போடுகிற "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி."

பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள்.

"மூளையில பேச்சு இருக்கிற இடத்துல அடைப்பு. இந்த மாதிரி ஆனா சிலருக்கு, வாய்க்கு ரொம்பப் பழகினது மட்டும் மிஞ்சும். சிலருக்குப் பாட்டு, சிலருக்குத் திட்டு. இவருக்கு ஆபீஸ் மிஞ்சியிருக்கு. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. அவர் சொல்ல வர்றது வேற, வாயில வர்றது வேற. வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க."

வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். ஊசி இரண்டு வாரம் லீவு போட்டாள். மகனுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிற வேலை. நாளெல்லாம் வீடு வீடாக அலைச்சல். ஆகவே அறைக்குள் இருந்தது அவளும் மானேஜரும்தான்.

முதல் கண்டுபிடிப்பு தண்ணீர். "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று அவர் அடிக்கடி சொன்னார். ஆவன செய்யவும் என்று எல்லா ஆபீஸ் கடிதத்திலும் கடைசியில் வருமே, அதுதான். எதை ஆவன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஊசி வார்த்தையை விட்டுவிட்டு உதட்டைப் பார்த்தாள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கீழுதட்டை நாக்கால் தொட்டார். தண்ணீர் கொடுத்தாள். மடமடவென்று குடித்துவிட்டு அவள் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. "இன் ட்யூ கோர்ஸ்" என்றால் இப்போது பசியில்லை, பிறகு. "பீஸ் ஆஃப் கேக்" என்றால் கால் வலிக்கிறது. நமக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி இருக்கிற வேலையைத்தான் இங்கிலீஷ்காரன் அப்படிச் சொல்கிறான். மானேஜர் அதைச் சொல்லும்போது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கும். "அண்டர் த வெதர்" என்றால் உடம்பு சரியில்லை என்று யாரும் சொல்வார்கள். மகன் ஓடிப்போய் மாத்திரை எடுத்துவந்தான். ஊசி போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். கண்ணில் வெயில் அடிக்கிறது, அவ்வளவுதான். படுக்கை நனைந்துவிட்டால் மட்டும் குரலே வேறாக, சுவரைப் பார்த்துச் சொல்வார்: "வீ ரெக்ரெட் டு இன்ஃபார்ம் யூ."

தெரிவிக்க வருந்துகிறோம்.

"அதைக் கேட்டா எனக்கு என்னவோ பண்ணும்க்கா," என்றாள் ஊசி. "மத்ததெல்லாம் அர்த்தம் மாறி வருது. அது ஒண்ணு மட்டும் சரியாவே வருது."

சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அவளைப் புகழ்ந்தார்கள். பெற்ற பிள்ளைகளுக்குப் புரியாதது மருமகளுக்குப் புரிகிறதே என்றார்கள். மகன் பெருமையாகச் சொன்னான், "அப்பா பேச்சு அவளுக்குத்தான் அத்துப்படி." நாத்தனார் ஒரு புடவை வாங்கிக்கொடுத்தாள். அந்தப் புகழ்ச்சி ஒவ்வொன்றும் கதவுக்கு வெளியே போடுகிற ஒரு தாழ்ப்பாள் என்பது அப்போது ஊசிக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. நானும் புகழ்ந்தேன்.

இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. பிறகு யாரும் எண்ணவில்லை.

அவள் பால் வாங்கக் கீழே இறங்கினால் மாடியிலிருந்து குரல் வரும். குளிக்கப் போனால் கதவைப் பாதி சாத்திவிட்டுக் குளித்தாள். மகன் வீட்டில் இருக்கும்போதும் விடிவு கிடையாது. அவன் அறைக்குள் போய் இரண்டு நிமிடத்தில், "ஏய், இங்க வா, அப்பா என்னமோ சொல்றார்" என்பான். கையில் மாவோடு, சோப்பு நுரையோடு, பாதிச் சாப்பாட்டோடு அவள் ஓடுவாள்.

துணைக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நடுவயது மனிதர் வந்தார், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர். நல்ல மனிதர், கை சுத்தம், தூக்கி உட்காரவைக்கத் தெரியும். மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

"என்னங்க ஆச்சு?" என்று நான் கேட்டேன்.

"காலையிலேர்ந்து ஐயா என்னை வேலையை விட்டு நிறுத்திக்கிட்டே இருக்காரும்மா. நானும் மனுசன்தானே. எத்தனை தடவைதான் தாங்குவேன்?"

மேலே போய் விசாரித்தேன். "யுவர் சர்வீசஸ் ஆர் ஹியர்பை டெர்மினேட்டட்" என்று சொல்லியிருக்கிறார் மானேஜர். உங்களைப் பணியிலிருந்து நீக்குகிறோம் என்று அர்த்தம். ஊசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மானேஜர் பாவம், மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

அவளுடைய அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. ஊசி காலையில் போனாள். ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே போன் வந்தது. நாத்தனார்தான், அன்றைக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவள். தேம்பித் தேம்பி அழுதாள்.

"அப்பா செத்துப்போறதைப் பத்தியே பேசறார். 'ஓவர் மை டெட் பாடி', 'ஓவர் மை டெட் பாடி'ங்கறார். எனக்குப் பயமா இருக்கு, சீக்கிரம் வா."

"அண்ணி, முதுகுக்குப் பின்னாடி தலையணை சரிஞ்சிருக்கும். நிமிர்த்தி வைங்க. வேற ஒண்ணுமில்லை."

"வெச்சேன். இன்னும் சொல்றார்."

"ரெண்டு தலையணை வைக்கணும் அண்ணி."

"எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. நீ வந்துடும்மா."

அம்மா வெளியே வருவதற்கு முன்பே அவள் பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்தபோது மானேஜர் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார், இரண்டு தலையணையில் சாய்ந்து.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா கூப்பிட்டாள். காலை வேலைக்கு ஆள் தேவை, முதல் தேதிக்குள் வந்தால் இடம் உனக்கு, இல்லையென்றால் வேறு பெண்ணை எடுத்துவிடுவேன் என்றாள். ஊசி அன்று சாயங்காலமே கணவனிடம் சொன்னாள்.

"இப்ப எப்படி?" என்றான் அவன். "அப்பா பேசறது யாருக்குப் புரியும்?"

"உங்களுக்குப் புரியும். காலையில நீங்க லேட்டாத்தானே கிளம்பறீங்க. நான் சொல்லித் தர்றேன்."

"எனக்கு அது வராது."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்ததா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரையும் வரவழைத்து, அக்காவையும் தம்பியையும் எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நீட்ஃபுல் என்றால் தண்ணீர், டெர்மினேட்டட் என்றால் மின்விசிறி. இரண்டு பேரும் முதலில் சிரித்தார்கள். பிறகு சின்ன வயதில் அப்பா இங்கிலீஷில் திட்டின கதைகளுக்குப் போய்விட்டார்கள். பிறகு டீ குடித்தார்கள். கிளம்பும்போது நாத்தனார் அவள் கன்னத்தைத் தொட்டு, "இதெல்லாம் உன்னால மட்டும்தான் முடியும். உனக்குக் கோடிப் புண்ணியம்" என்றாள். உள்ளறையில் படுத்தபடி மானேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் ஒரு குறையும் இல்லை. அதை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

மறுநாள் காலை ஊசி ஒரு காரியம் செய்தாள். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

மகன் அறையில் இருக்கும்போது மானேஜர், "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்றார். ஊசி அசையாமல் நின்றாள்.

"என்ன கேக்கறார்?" என்றான் கணவன்.

"தெரியலை."

"தண்ணிதானே? நேத்து நீதானே சொன்னே?"

"நேத்து அது தண்ணி. இன்னிக்கு எதுவோ. எனக்கு இப்பல்லாம் சரியாப் புரியலைங்க. மாறிப்போச்சு போல."

அவன் குழம்பிப்போனான். போர்வையை எடுத்தான், போர்த்தினான், ரேடியோவைப் போட்டான், நிறுத்தினான். மானேஜர் மறுபடி மறுபடி சொன்னார், குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளங்கையில் நகம் பதிந்துவிட்டது என்றாள் என்னிடம். கடைசியில் அவனே தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தான், அவர் குடித்தார்.

அவளுக்குக் கணக்கு சுலபமாக இருந்தது. யாருக்குமே புரியாவிட்டால் எல்லோரும் கற்றுக்கொண்டுதானே ஆகவேண்டும். இல்லையென்றால் எது நடந்தாலும் தாங்கிக்கொள்கிற ஓர் ஆளைத் தேடியாவது பிடிப்பார்கள். ஆனால் அவள் நினைக்காத ஒன்று நடந்தது. அன்றிலிருந்து மானேஜர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பகலெல்லாம் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது ஒரு சொல் கிடையாது. மகன் காலையில் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் அவனிடமே சொன்னார். அவன் தப்பாகச் செய்தால் திரும்பச் சொன்னார். அவள் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

"கோபமா இருக்கலாம். இல்லை, எனக்கு உதவி பண்ணாரோ என்னமோ," என்றாள் ஊசி. "எதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுக்கா."

அந்த மௌனம் அவளை வாட்டிவிட்டது. முன்பு அறைக்குள் அடைபட்டிருந்தாலும் பேச்சாவது இருந்தது. இப்போது, கத்திக் கூப்பிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தால் குடிப்பார். திரையை இழுத்தால் கண்ணை மூடிக்கொள்வார். கேட்க மாட்டார்.

ஒரு மத்தியானம் போர்வையைச் சரிசெய்யக் கையை வைத்தவள் துணுக்குற்றாள். படுக்கை சில்லென்று ஆறிப்போயிருந்தது. நனைந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. சாயங்காலம் மகன் வருகிறவரை அப்படியே கிடப்பதென்று முடிவு செய்திருக்கிறார்.

ஊசி பேசாமல் எல்லாவற்றையும் மாற்றினாள். துடைத்து, உலர்ந்த துணியை உடுத்திவிட்டு, கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்குப் புரியும். எல்லாமே புரியும். அன்னிக்கும் புரிஞ்சது."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேலைக்குப் போகணும் மாமா. இங்க எனக்கு மூச்சு முட்டுது. உங்களை விட்டுட்டுப் போகணும்னு இல்லை. காலையில கொஞ்ச நேரம், யாரும் எங்கிட்ட என்ன அர்த்தம்னு கேக்காம இருந்தாப் போதும்."

இத்தனை மாதத்தில் கேட்கத் தோன்றாத ஒன்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

"மாமா, உள்ள என்ன ஓடுது? மனசுக்குள்ள நினைக்கறது தமிழ்லதானா?"

மானேஜர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். மெதுவாக, மேலும் கீழுமாகத் தலையசைத்தார். ஒருமுறை அசைத்தவர் நிறுத்தவில்லை, அசைத்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் காதுக்குள் இறங்கிற்று. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மகனைக் கூப்பிடுகிற பெயரும், படிக்கட்டில் என்னைக் கேலி செய்கிற கேள்வியும், தாகமும், வலியும், மன்னிப்பும் எல்லாம் உள்ளே தமிழில் உருண்டு திரண்டு வருகின்றன. வாசலுக்கு வந்ததும் பழைய ஆபீஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வேறு யாரோவாக வெளியே போகின்றன. அதை அவர் தன் காதாலேயே கேட்டுக்கொண்டும் இருக்கிறார். தான் அடைபட்டிருக்கிற அறைக்கு ஜன்னலாவது இருக்கிறது என்று அவள் நினைத்தாளாம்.

அழுகை அடங்கியதும் அவர் சொன்னார்: "நோட்டட்."

அதுவரை அவர் சொல்லியிராத சொல். பார்த்தேன், தெரிந்துகொண்டேன் என்று காகிதத்தின் ஓரத்தில் அதிகாரிகள் எழுதுவது. சரி என்றாரா, இருக்கட்டும் என்றாரா, உன்னை மன்னித்தேன் என்றாரா, அவள் கேட்கவில்லை.

அன்று கணவன் வந்ததும் நேராகச் சொல்லிவிட்டாள்.

"எனக்குப் புரியலைன்னு சொன்னது பொய். நடிச்சேன்."

அவன் கழற்றிக்கொண்டிருந்த சட்டைப் பொத்தானை விட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"அப்பாவைத் தவிக்க விட்டியா?"

"விட்டேன்."

"எப்படி மனசு வந்தது உனக்கு?"

"எனக்கு வேற வழி நீங்க விடலை. ஒண்ணாம் தேதியிலேர்ந்து காலையில நீங்க பாத்துக்கங்க. மத்தியானம் நான் வந்துடறேன்."

அவன் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. ஒன்றாம் தேதி காலை அவள் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது அவன் அப்பாவின் அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

விடுதலை கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். போன் என்று ஒன்று இருக்கிறதே. முதல் நாளே, ஒரு பெரியவர் கையில் பட்டை கட்டி நரம்பைத் தடவிக்கொண்டிருக்கும்போது அது அடித்தது. கணவன் போனை அப்பா வாயருகே பிடித்திருந்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் கேட்டாள். "மின்விசிறிங்க. நிறுத்துங்க" என்றாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி. டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "மாட்டுக்குக் கயிறு கொஞ்சம் நீளமாச்சுக்கா, வேற ஒண்ணுமில்லை" என்றாள் ஊசி என்னிடம், சிரித்துக்கொண்டே.

ஒருநாள் வந்த போனில் மானேஜர் சொன்னது, "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்." அத்தி பூத்தாற்போல என்று நாம் சொல்வோமே, அது. அவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் அதை அவளிடம் சொன்னதே இல்லை.

"தெரியலைங்க," என்றாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லைங்க, நிஜமாவே தெரியலை."

"அன்னிக்கும் நிஜமாத்தான் தெரியலைன்னே." போனை வைத்துவிட்டான்.

அன்று காலை ஒரு பெண்ணுக்கு இரண்டுமுறை குத்தும்படி ஆயிற்று. அவள் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. பின்பக்கம் ஓடினாள்.

துணி காயப்போடுகிற பின்பக்கத்துப் பால்கனியில் நாற்காலி போட்டு மானேஜர் உட்கார்ந்திருந்தார். மகன் கம்பியில் சாய்ந்து நின்றான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"வெளியே கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கார்," என்றான் அவளைப் பார்க்காமல். "எல்லாத்தையும் பண்ணிப் பார்த்துட்டுத்தான் புரிஞ்சது. தூக்கிட்டு வந்தேன்."

மானேஜர் எதிர் வீட்டு மொட்டை மாடியில் யாரோ பாய் உதறுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே வந்து அவருக்கு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. இந்த ஆசையை அவர் மருமகளிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவளிடம் ஒரு விடை இருந்தது. அவளால் அவரைத் தனியாகத் தூக்க முடியாது, அது அவருக்குத் தெரியும்.

"நீ சொன்னது நிஜம்தான்," என்றான் கணவன்.

"நிஜம்தான்," என்றாள் அவள்.

இப்போது போன் குறைந்துவிட்டது. நின்றுவிடவில்லை. மகன் தன் வேலையில் பகல் நேரத்து வாடிக்கையாளர்கள் பாதிப் பேரை இழந்துவிட்டான். முகத்தில் முன்பிருந்த கலகலப்பு இல்லை. நாத்தனார் இன்னும் ஞாயிற்றுக்கிழமை வந்து தம்பியைப் புகழ்ந்துவிட்டுப் போகிறாள். மானேஜருக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் திரும்பி வரவில்லை, வராது என்று பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து எங்கள் கட்டடத்துக்கு நேர் வழி ஒன்று உண்டு. ஊசி அதில் வருவதில்லை. சுற்றுவழியாக வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். துணி வாங்கப் போகும்போது நானே பார்த்திருக்கிறேன். மடியில் பை, பைக்குள் போன். பஸ் வந்து நிற்கும், ஆட்கள் ஏறுவார்கள், கண்டக்டர் அவளைப் பார்ப்பார், அவள் தலையை ஆட்டி இல்லை என்பாள். அது போனபின் அடுத்தது வரும். அதிலும் ஏற மாட்டாள். பிறகு எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, வீட்டைப் பார்த்து நடப்பாள்.